ரயில் விட்டானாம், விட்டுட்டுப் போனானாம்! வெள்ளைக்காரன் 'கொடுத்த' கதையின் கணக்கு

வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, திருநின்றவூர் தோழர்களே!

"வெள்ளைக்காரனே இருந்திருக்கலாம். ரயில் விட்டான், சட்டம் போட்டான், கடைசியில பெருந்தன்மையா விட்டுட்டுப் போனான்." வாட்ஸ்அப் குரூப்புல இந்த மாதிரி ஃபார்வர்டு அடிக்கடி சுத்துது. நம்ம பிள்ளைகளே சிலர் கைதட்டுற பொம்மை போடுறாங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். கம்பெனி பஸ்ஸுல போறப்பவாவது முழுசாப் படிங்க.

முதல்ல ரயில். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடியது. நம்ம ஊரைத் தாண்டித்தான் போச்சு. இன்னைக்கு நீங்க தொங்கிக்கிட்டுப் போற லோக்கலுக்கும் அதே தடம்தான். ஆனா யார் காசு? லண்டன்ல பங்கு வாங்கினவனுக்கு லாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஏறத்தாழ 5 சதவீத வட்டிக்கு உத்தரவாதம். வருமானம் குறைஞ்சா மீதியைக் கட்டியது இந்தியக் கருவூலம். அதாவது, செங்கல்பட்டு ஜில்லா விவசாயி கட்டின நிலவரியும் அதுல சேர்த்தி. வட்டி அவனுக்கு, நட்டம் நமக்கு. இதுக்குப் பேரு தானமா?

அடுத்து, 'பெருந்தன்மையா விட்டுட்டுப் போன' கதை. இதுக்கு எகிப்தைப் பார்க்கணும். கடனில் மூழ்கிய எகிப்து மன்னரிடமிருந்து 1875ல் சூயஸ் கால்வாய்ப் பங்குகளை 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது பிரிட்டன். கடன் கொடுத்தவன் கஜானாவுக்குள்ள உட்கார்ந்தான். "எகிப்து எகிப்தியருக்கே" என்று அகமது உராபி எழுந்தார். 1882ல் அலெக்சாந்திரியா நகரத்தின் மேல் கப்பற்படை குண்டு பொழிந்தது. செப்டம்பரில் டெல்-எல்-கபீர் போரில் உராபி வீழ்ந்தார்.

அந்தப் போரில் யாரை அனுப்பினான் தெரியுமா? இந்தியப் படையையும் அனுப்பினான். அதில் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற நம்ம மாகாணத்துப் படைப்பிரிவும் இருந்தது. செலவில் ஒரு பங்கு இந்திய வரிப்பணத்தின் தலையில் விழுந்தது. பிடிபட்ட உராபியை எங்கே நாடு கடத்தினான்? நம்ம பக்கத்துல இருக்குற இலங்கைக்கு! 1883 முதல் 1901 வரை அங்கேதான் இருந்தார். அடக்க நம்ம ஆளு, செலவுக்கு நம்ம காசு, சிறைக்கு நம்ம பக்கத்துத் தீவு. ஒரு அடிமையை வச்சு இன்னொரு அடிமையைக் கட்டுறதுதான் ஏகாதிபத்தியத்தோட மூலதனம்.

"கொஞ்ச நாளைக்குத்தான், ஒழுங்கு வந்ததும் கிளம்பிடுவோம்" என்று 1882ல் சொன்னார்கள். கடைசிப் படை வெளியேறியது 1956 ஜூனில். அந்தக் 'கொஞ்ச நாள்' 74 வருஷம்!

இப்போ ஒரு வருஷத்தை மட்டும் மனசுல வைங்க: 1906. அந்த ஜூனில் எகிப்தின் தின்ஷவாய் கிராமத்தில் மக்கள் வளர்த்த புறாக்களை வெள்ளை அதிகாரிகள் சுட்டார்கள். கைகலப்பு. ஒரு அதிகாரி வெயிலில் சுருண்டு செத்தார். தனி நீதிமன்றம் போட்டு நான்கு கிராமத்தாரைத் தூக்கில் போட்டார்கள். பலருக்கு ஊர் பார்க்கக் கசையடி.

அதே 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கிப் பார்த்தது. 1908 பிப்ரவரியில் ஹார்வி கம்பெனியின் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது என்ன? கூலி உயர்வு, வார விடுமுறை, குறைந்த வேலை நேரம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பக்கத்தில் நின்றார்கள். மார்ச் மாத ஆரம்பத்திலேயே தொழிலாளி ஜெயிச்சான்.

அதை ஆட்சியால் தாங்க முடியவில்லை. மார்ச் 12ல் வ.உ.சி. கைது. மறுநாள் நெல்லை கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் பலி. ஜூலையில் நீதிபதி பின்ஹே கொடுத்தது இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் குறைந்தாலும், கோவைச் சிறையில் வக்கீலைச் செக்கிழுக்க வச்சானே, அதை யார் மறக்க முடியும்?

1919லும் அதே பாடம். மார்ச்சில் சாத் சக்லூலை மால்டாவுக்குக் கடத்தினான். எகிப்து முழுக்கத் தண்டவாளம் பெயர்ந்தது, பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரலில் அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று. 1922ல் 'சுதந்திரம்' அறிவித்தான். ஆனா கால்வாய் உள்ளிட்ட போக்குவரத்துப் பாதை, பாதுகாப்பு, வெளிநாட்டார் நலன், சூடான் ஆகிய நாலும் எங்கிட்டதான் என்றான். இங்கே 1919 சட்டத்தில் கல்வியும் சுகாதாரமும் அமைச்சருக்கு. போலீஸும் நிதியும் கவர்னருக்கு. பெட்டி உனக்கு, சாவி எனக்கு!

சங்கச் சட்டமாவது அவன் கொடுத்ததா? 1918ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கினார்கள். பின்னி கம்பெனி சங்கத் தலைவர்கள் மேல் வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. அந்த அடியைத் தாங்கிப் போராடிய பிறகுதான் 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

தோழர்களே, கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் சிட்கோவிலோ கான்ட்ராக்ட் தொழிலாளி வாய் திறந்தால் இன்னைக்கும் என்ன சொல்றாங்க? "வெளியாட்கள் தூண்டி விடுறாங்க." வ.உ.சி.யைப் பற்றிச் சொன்னதும் இதுதான், சக்லூலைப் பற்றிச் சொன்னதும் இதுதான். வெள்ளைக்காரன் போனான், வசனம் போகல. அவன் நல்லவன் என்று நம்புகிற பிள்ளை, நாளைக்கு முதலாளி சொல்ற இந்த வசனத்தையும் நம்பும். அதனாலதான் இந்த ஃபார்வர்டு விளையாட்டு இல்லை.

அடுத்த தடவை அது வந்தா சும்மா தள்ளிவிட்டுப் போகாதீங்க. அதுக்குக் கீழேயே இதைப் போடுங்க. வார லீவு நாள்ல வீட்டுப் பிள்ளைகளை உட்கார வச்சுச் சொல்லுங்க: இந்த லீவு யாரும் கொடுத்தது இல்லை, கோரல் மில்லில் பசியோடு நின்னவன் வாங்கினது.

கொடுத்தது எதுவுமில்லை! வாங்கியதே எல்லாம்!

#கொடுக்கவில்லை_வாங்கினோம் #வஉசி #சங்கம்_நம்_உரிமை