கண் அசந்தால் கப்பல் போச்சு!

ஒரு சின்னக் கப்பல். கடலில் அல்ல, ஆகாயத்தில்! பெரிய பாறை ஒன்றின் அருகே நின்று, கதிர் வீசி, தாது வெட்டிக்கொண்டு இருக்கிறது. சுற்றிலும் இருட்டு. வேறு கப்பல் எதுவும் கண்ணில் படவில்லை.

ஆனால், இன்னொரு கப்பல் அங்கே இருக்கிறது. மாயத்திரை போட்டுக்கொண்டு, ஓசை இல்லாமல் நெருங்கி வருகிறது. வந்தவுடன் பாயவில்லை. நிற்கிறது. பார்க்கிறது. கொக்கு மீனைப் பார்ப்பது போலப் பார்க்கிறது.

திடீர் என்று திரை விலகுகிறது! சின்னக் கப்பலின் எஞ்சின் முடக்கப்படுகிறது. ஓட வழி இல்லை. குண்டுகள் பாய்கின்றன. கொஞ்ச நேரத்தில் கப்பல் துண்டு துண்டாகச் சிதறிவிட்டது.

யாருக்கும் காயம் இல்லை. கப்பலை ஓட்டியவர் எங்கோ ஓர் ஊரில், தன் வீட்டில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இருக்கிறார். சுட்டவர் வேறு ஒரு நாட்டில் உட்கார்ந்து இருக்கலாம். இது விளையாட்டு.

ஆனால் போன கப்பல் போனதுதான். திரும்பி வராது. அதை வாங்க அவர் பல நாள் ராத்திரி கண் விழித்து ஆடியிருப்பார். அந்த உழைப்பும் அதோடு போயிற்று.

தீவில் பிறந்த ஆட்டம்

வட அட்லாண்டிக் கடலில் ஐஸ்லாந்து என்று ஒரு தீவு இருக்கிறது. தனி நாடு. மக்கள் தொகை சுமார் 4 லட்சம்தான். அதன் தலைநகர் ரெய்க்யவிக். அங்கே உள்ள "சி.சி.பி." என்ற கம்பெனி செய்த ஆட்டம் இது. பெயர், "ஈவ் ஆன்லைன்". 2003-ம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது.

அந்தக் கம்பெனி, கையில் முதல் இல்லாத காலத்தில், பலகையில் வைத்து ஆடும் ஆட்டம் ஒன்றை 1998-ல் அச்சடித்து விற்றது. அந்தப் பணம் இந்த ஆட்டத்தைச் செய்ய உதவியது. பலகை ஆட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? "ஆபத்து ஆட்டம்"! பெயர்ப் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது.

மற்ற ஆட்டங்களில், ஆடுகிறவர்களைக் கூறு கூறாகப் பிரித்துத் தனித்தனி உலகத்தில் விடுவார்கள். இங்கே கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே ஆகாயம். சீன தேசத்துக்கு மட்டும் தனி. ஒருவர் கப்பல் கட்டுவார். ஒருவர் வியாபாரம் செய்வார். ஒருவர் கொள்ளை அடிப்பார். எல்லாம் ஆடுகிறவர்கள் விருப்பம்.

போலீஸ் உள்ள ஊரும், இல்லாத ஊரும்

அந்த ஆகாயத்தில் சூரியக் குடும்பங்கள் ஆயிரக் கணக்கில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க்கு போட்டு இருக்கிறார்கள். 1.0 முதல் 0.5 வரை மார்க்கு உள்ள இடங்கள், காவல் உள்ள இடங்கள். அங்கே ஒருவர் மற்றவரை அநியாயமாகச் சுட்டால், "கான்கார்டு" என்ற போலீஸ் படை வந்து, சுட்டவரின் கப்பலை நொறுக்கிவிடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் போலீஸ் குற்றத்தைத் தடுப்பது இல்லை. நடந்த பிறகு தண்டிக்கிறது. அவ்வளவுதான்.

0.4 முதல் 0.1 வரை உள்ள இடத்தில் அந்தப் படை வராது. 0.0-வும் அதற்குக் கீழும் என்றால், கேட்பார் இல்லை. அங்கே பெரிய பெரிய கூட்டணிகள் நிலத்தைப் பிடித்து ஆளுகின்றன.

அதற்கும் அப்பால் ஒன்று உண்டு. 2009-ம் ஆண்டு மார்ச் மாதம் சேர்த்தார்கள். 2,500-க்கு மேற்பட்ட சூரியக் குடும்பங்கள். அவற்றுக்கு நிரந்தர வாசல் கிடையாது. ஆகாயத்தில் ஒரு துளை திறக்கும். அதில் நுழைந்து போக வேண்டும். துளைக்கு ஆயுள் குறைவு. பல துளைகள் ஒரு நாளைக்குள் மூடிவிடும். பளுவான கப்பல்கள் அதிகமாகப் போனால், அதற்கு முன்பே மூடிவிடும். உள்ளே போனவர் உள்ளேதான்!

அப்படி இருந்தும் மக்கள் ஏன் போகிறார்கள்? நல்ல தாது அங்கேதான் இருக்கிறது. பெரிய வருமானம் அங்கேதான்.

சுடாத வேட்டைக்காரன்

வேட்டை என்றதும் பெரிய பீரங்கிதான் நினைவுக்கு வரும். இந்த வேட்டையில் முக்கியமான ஆசாமி, பீரங்கிக்காரன் அல்ல. வேவு பார்க்கிறவன். அவன் கப்பல் மிகச் சிறியது. சண்டை என்று வந்தால் தாக்குப் பிடிக்காது. அவனிடம் உள்ள ஆயுதங்கள் இரண்டு: மாயத்திரை ஒன்று, பொறுமை ஒன்று.

ராடார் போன்ற ஒரு கருவி எல்லாக் கப்பலிலும் உண்டு. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் சுமார் 15 கோடி கிலோ மீட்டர். அதைப் போல 14 மடங்குக்கு மேல் அந்தக் கருவி எட்டும். அந்த வட்டத்துக்குள் என்னென்ன கப்பல் இருக்கிறது என்று பட்டியல் வரும். வேவுக்காரன் அதன் கோணத்தைக் குறுக்கிக் குறுக்கிப் பார்ப்பான். எந்தத் திசையில் பெயர் மறைகிறது, எந்தத் திசையில் மறுபடி வருகிறது என்று கவனித்தே, இரை எந்தப் பாறைக் கூட்டத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடுவான்.

அப்படியும் அகப்படாவிட்டால், துப்பறியும் பொறிகளை ஏவுவான். ஒரே சமயத்தில் 8 வரை விடலாம். ஆனால் இதில் ஒரு சங்கடம். மாயத்திரையில் உள்ள கப்பல் ராடாரில் தெரியாது. அவன் ஏவும் பொறிகள் தெரியும்! இரை விழிப்பாக இருந்தால், பொறியைப் பார்த்ததும் ஓடிவிடும். ஆகவே, பொறிகளைத் தொலைவில் ஒளித்து வைத்து, குறி சரியானதும் சட்டென்று இழுத்து, ஒரே வீச்சில் முடிக்க வேண்டும்.

இரை இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. இனி நெருங்க வேண்டும். 2,000 மீட்டருக்குள் ஒரு பாறை வந்தாலும் திரை கிழிந்துவிடும். பாறைகளுக்கு நடுவே தட்டுப்படாமல் ஊர்ந்து, இரைக்குப் பக்கத்தில் போய் நிற்பான். பிறகு கூட்டாளிகளுக்குத் தகவல் கொடுப்பான். அடுத்த ஊரில் காத்திருக்கும் அவர்கள், அவன் நிற்கும் இடத்துக்கே நேராகப் பாய்ந்து வருவார்கள். அவன் ஒரு குண்டும் சுடாமலே வேலை முடிந்துவிடும்!

இரைக்கும் கண் உண்டு

இதைக் கேட்டால், தாது வெட்டப் போனவர் பாடு பரிதாபம் என்று தோன்றும். அது முழு உண்மை அல்ல.

0.0 பிரதேசத்தில், ஒரு சூரியக் குடும்பத்துக்குள் யார் வந்தாலும், உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் வந்தவர் பெயர் தெரியும். பட்டியலில் விழுந்துவிடும். வந்தவன் வாசல் அருகே இன்னும் மறைந்து நிற்கும்போதே பெயர் வந்துவிடும்! அந்தப் பட்டியலில் ஒரு கண் வைத்திருப்பவர் சுலபத்தில் சாகமாட்டார். கெட்டிக்காரர் இன்னும் ஒன்று செய்வார். தாது வெட்டும்போதே கப்பலின் மூக்கை வீட்டுப் பக்கம் திருப்பி, முக்கால் வேகத்தில் நகர்த்திக்கொண்டே இருப்பார். அந்த வேகம் இருந்தால், பொத்தானை அழுத்திய கணமே பறந்துவிடலாம். நின்ற இடத்தில் இருந்து திரும்பிப் புறப்படுகிறவர், திரும்புவதற்குள் பிடிபடுவார்.

சரக்குக் கப்பல் வைத்திருப்பவர்கள், ஒரு சிறு கப்பலை ஒரு ஊர் முன்னாலேயே அனுப்புவார்கள். முன்னால் போனவர் "பாதை சுத்தம்" என்று சொன்ன பிறகே, பின்னால் சரக்கு நகரும். மாட்டு வண்டிக்கு முன்னே தீவட்டி பிடித்துப் போனவர்களை நம் தாத்தாமார் பார்த்திருப்பார்கள்.

பிடிபடுகிறவர்களில் பலர், பலம் இல்லாததால் பிடிபடுவது இல்லை. காப்பி போட எழுந்து போனவர்கள்! பக்கத்து ஜன்னலில் சினிமா பார்த்துக்கொண்டு இருந்தவர்கள்!

விளக்கை அணைத்த கதை

2019-ம் ஆண்டு ஜூலை மாதம், கம்பெனி ஒரு காரியம் செய்தது. 0.0 பிரதேசத்தில் அந்தப் பெயர்ப் பட்டியலை எடுத்துவிட்டது! பேசினால் மட்டும் பெயர் தெரியும். பேசாமல் வந்தால் தெரியாது. துளை வழியாகப் போகும் பிரதேசத்தில் முதலில் இருந்தே இதுதான் சட்டம். அதை இங்கேயும் கொண்டுவந்தார்கள்.

வேட்டைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். இனி இரை கண்ணை மூடிக்கொண்டு நிற்கும், போய் அள்ள வேண்டியதுதான் என்று குதித்தார்கள்.

நடந்தது என்ன? தாது வெட்டுகிறவர்களில் பலர் வெளியே வரவில்லை. கப்பலைக் கொட்டகையில் பூட்டிவிட்டு, சும்மா இருந்தார்கள். சிலர் ஆட்டத்தின் பக்கமே தலை காட்டவில்லை. ஆட வருகிறவர்களின் தொகை சரிந்தது. இரை இல்லாத காட்டில் வேட்டைக்காரனுக்கு என்ன வேலை? செப்டம்பர் மாதம், கம்பெனி பட்டியலைத் திரும்பக் கொடுத்துவிட்டது. இரண்டு மாதத்தில் முடிந்தது கூத்து.

கம்பெனி தவறை நீட்டிக்காமல் மாற்றிக்கொண்டது சரியே. ஆபத்து இருப்பதால்தான் அந்த ஆட்டத்துக்கு ருசி. அதை எடுத்துவிட்டால், தாது வெட்டுவது வெறும் கூலி வேலை. ஆனால், ஆபத்து வேறு, குருட்டுத்தனம் வேறு. விழித்திருந்தால் தப்பலாம் என்ற நம்பிக்கை இருக்கும் வரையில், மனிதன் ஆபத்தான இடத்துக்கும் போவான். விழித்திருந்தும் பயன் இல்லை என்று ஆனால், கதவைச் சாத்திக்கொள்வான். துளைப் பிரதேசத்தில் பட்டியல் இல்லாமலே வாழ்கிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் இருட்டு என்று தெரிந்து, அதை விரும்பிப் போனவர்கள். மற்றவர்கள், வெளிச்சத்தில் வீடு கட்டிக் குடியேறியவர்கள். அவர்கள் வீட்டு விளக்கைக் கேட்காமல் அணைத்ததுதான் தப்பு.

மறுபக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. சில வேட்டைக்காரர்கள், மாயத்திரையைப் போட்டுவிட்டு, தூங்கப் போய்விடுவார்கள். பெயர் மட்டும் பட்டியலில் நாள் பூராவும் நிற்கும். ஆள் இருக்கிறானா, இல்லையா என்று தெரியாமல், அந்த ஊரில் வேலையே நின்றுபோகும். 2021-ல் இதற்கும் ஒரு கருவி கொண்டுவந்தார்கள். ஆள் இல்லாமல் கிடக்கும் கப்பலின் திரையை அது கிழித்துவிடக் கூடும். இது நல்ல சீர்திருத்தம். பயம் காட்டுகிறவனும் கண் விழித்து உட்காரட்டுமே!

பணம் என்று வரும்போது

அந்த ஆட்டத்துக்குத் தனி நாணயம் உண்டு. அதை ஆடிச் சம்பாதிக்கலாம். நிஜப் பணம் கொடுத்து ஒரு பொருளை வாங்கி, அதை ஆட்டத்துக்குள் விற்றும் அந்த நாணயத்தைப் பெறலாம். அதனால்தான் உடைந்த கப்பலுக்கு டாலரில் விலை சொல்கிறார்கள். 2014-ம் ஆண்டு ஜனவரியில் ஒரு பெரும் போர் நடந்தது. ஒரு நாள் பூராவும் நீடித்த அந்தப் போரில், "டைட்டன்" என்ற ராட்சதக் கப்பல்கள் 75 அழிந்தன. நஷ்டம் 3 லட்சம் டாலர் இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

வீட்டில் பையனோ பெண்ணோ இந்த மாதிரி ஆட்டம் ஆடினால், பெற்றோர் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுப் பதற வேண்டியது இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்தக் கப்பலை எதைக் கொடுத்து வாங்கினாய்?" ஆடிச் சேர்த்தது என்றால், போனால் போகட்டும். அப்பாவின் பாங்குக் கணக்கில் இருந்து போனது என்றால், அது விளையாட்டு அல்ல. ஆட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்களே, புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது, இழக்கத் தாங்காத கப்பலில் ஏறாதே என்பதுதான்.

சுடாத கூட்டம்

கேட்பார் இல்லாத அந்த இருட்டில் எல்லோரும் வேட்டைக்காரர்களா? இல்லை. "சிக்னல் கார்ட்டெல்" என்று ஒரு குழு. வழிப்போக்கரைச் சுடுவது இல்லை என்பது அவர்கள் கொள்கை. துளை மூடி, வெளியே வர வழி தெரியாமல் தவிக்கிறவர்களை மீட்பது அவர்கள் வேலை. துளைப் பிரதேசம் எங்கும் சிறு பெட்டிகளை முன்கூட்டியே மறைத்து வைத்திருக்கிறார்கள். வழி கண்டுபிடிக்கும் பொறிகள் அதில் இருக்கும். மாட்டிக்கொண்டவர் கேட்டால், பெட்டி இருக்கும் இடத்தைச் சொல்வார்கள். கூலி கிடையாது.

அந்தக் குழுவில் "காட்டியா சே" என்ற பெயரில் ஒருவர் ஆடினார். ஆட்டத்தில் அன்று இருந்த 7,805 சூரியக் குடும்பங்களையும் சுற்றிப் பார்ப்பது என்று கிளம்பினார். 9 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2019-ல் கடைசி ஊரையும் பார்த்து முடித்தார். காவல் உள்ள ஊர், இல்லாத ஊர், துளைக்குள் இருக்கும் ஊர், எல்லாம் போனார். எத்தனை வேட்டைக்காரர்கள் பார்த்திருப்பார்கள்! அந்தப் பயணத்தில் ஒரு கப்பல்கூடப் போகவில்லை.

கம்பெனி அவருக்கு ஆட்டத்துக்குள்ளேயே ஒரு சிலை வைத்தது. "சைசியோ" என்ற ஊரில் அந்தச் சிலை நிற்கிறது. அது காவல் உள்ள ஊர். புதிதாக ஆட வருகிறவர்களும் பயம் இல்லாமல் போய்ப் பார்க்கலாம்.