‘ஆய்வில் நிரூபணம்’... நிஜமாவா?

கேம்பஸ் இன்டர்வியூ அன்று காலை, இடுப்பில் கைவைத்துக் கண்ணாடி முன் நின்றிருந்தாள் தங்கை.

``என்னடி இது?''

``ரெண்டு நிமிஷம் இப்படி நின்னா ஹார்மோனே மாறி தைரியம் வரும்னு நீதானேக்கா எழுதினே!''

ஆமாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதி, ‘ஆய்வில் நிரூபணம்’ என்று தலைப்பும் வைத்தேன். அந்த ஆய்வைத் தேடிப் படித்ததோ, அவள் கிளம்பிப் போன பிறகுதான்!

2010-ல் அமெரிக்காவில் டானா கார்னி, ஏமி கடி, ஆண்டி யாப் வெளியிட்டது. மொத்தம் 42 பேர். உடலை விரித்து போஸ் கொடுத்தவர்களில் 86% பேர், பிறகு வைத்த சின்ன சூதாட்டத்தில் ரிஸ்க் எடுத்தார்கள். ஒடுங்கி இருந்தவர்களில் 60% பேர்.

இந்த வித்தியாசம் போஸால் வந்ததா, தற்செயலா? அதை எடைபோடத்தான் புள்ளியியல் டெஸ்ட். ஹார்மோன் அளவு என்றால் சராசரிகளை ஒப்பிடும் டெஸ்ட். ‘ரிஸ்க் எடுத்தாரா, இல்லையா’ என்று தலைகளை எண்ணும்போது, வழக்கமாக ‘கை-ஸ்கொயர்’ (போஸ் கொடுக்கும் கை இல்லைங்க, கிரேக்க எழுத்து!).

டெஸ்ட் தருவது ‘பி மதிப்பு’. அது 0.05 என்றால், ‘95% உண்மை’ என்று அர்த்தமில்லை. போஸுக்கு எந்தச் சக்தியும் இல்லாவிட்டாலும், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் 100-க்கு 5 முறை தற்செயலாகவே வரும் என்று அர்த்தம். அந்தக் கோட்டைத் தொட்டால் ‘பாஸ்’ என்பது ஆய்வாளர்களின் வழக்கம், அவ்வளவுதான்.

2016-ல் கார்னியே உடைத்துச் சொன்னார். வழக்கமான கை-ஸ்கொயரில் வந்தது 0.052. இன்னொரு முறையில் 0.05. சின்ன எண்ணையே வெளியிட்டார்களாம். இந்த விளைவு உண்மையென்று தான் இனி நம்பவில்லை என்றும் சொல்லிவிட்டார்.

அதே 42 பேர், அதே பதில்கள். மாறியது கணக்கு முறை மட்டும்! ஒரே விடைத்தாளை இரண்டு வாத்தியார்களிடம் கொடுத்து, கூடுதல் மார்க் போட்டவருடையதை மட்டும் காட்டுவது மாதிரி. எந்த டெஸ்ட் என்பதை முடிவைப் பார்க்கும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

2015-ல் இன்னொரு குழு 200 பேரிடம் சோதித்தது. விரிந்து போஸ் கொடுத்தவர்கள் தங்களுக்குச் சக்தி கூடியதாக உணர்ந்தார்கள். ஆனால், ஹார்மோனிலோ ரிஸ்க் எடுப்பதிலோ அது தெரியவில்லை.

சாயங்காலம் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ``அப்போ அடுத்த இன்டர்வியூவுக்கு நிக்கவா, வேணாமா?''

``தெம்பா இருந்தா தாராளமா நில்லு. ஹார்மோன் மாறும்னு மட்டும் நினைக்காதே.''

இப்போதெல்லாம் ‘நிரூபணம்’ என்று டைப் செய்யும் முன் மூன்று கேள்விகள் கேட்கிறேன். எத்தனை பேர்? டெஸ்ட்டை முன்பே முடிவு செய்தார்களா? வேறு யாராவது செய்துபார்த்தார்களா?

ஃபேமிலி குரூப்பில் ஃபார்வேர்டு செய்யும் முன் நீங்களும் கேளுங்களேன்!