ஓட்டுநர் இல்லா ரயிலும் ஒரு துப்பட்டி நுனியும்



2025 மார்ச் மாதத்தில் நமது பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே மெட்ரோ ரயில் சோதனையாக ஓடிற்று. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரையிலான பாதைக்கெனச் செய்யப்பட்ட இந்த மூன்று பெட்டி ரயில்கள், ஓட்டுநர் இன்றியே இயங்கத்தக்கவை. "ஓட்டுபவரே இல்லாத வண்டியில் பிள்ளைகளை எப்படி ஏற்றுவது?" என்று நம் வீட்டு உம்மாமார்கள் கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஓட்டுநரின் இடத்தில் இருப்பது கணினி மென்பொருள். பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டால் போதாதா என்பீர்கள். போதாது. ஆயிரம் முறை பிழையின்றி ஓடியது, அடுத்த முறைக்கு உத்தரவாதமாகாது.

பள்ளியில் வடிவியல் படித்ததை நினைவுகூருங்கள். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180 பாகை என்பதற்காக உலகிலுள்ள முக்கோணங்களையெல்லாம் எவரும் அளந்து பார்க்கவில்லை. ஒருமுறை நிறுவினார்கள், முடிந்தது. மென்பொருளையும் அவ்வாறே நிறுவ இயலும் என்று காட்டியது பாரிஸ் நகரம். 1998 அக்டோபரில் அங்கே ஓட்டுநர் இல்லாத 14ஆம் எண் மெட்ரோ பாதை திறக்கப்பட்டது. அதன் பாதுகாப்பு மென்பொருளுக்கு, ழான் ரேமோன் அப்ரியால் என்னும் பிரெஞ்சு அறிஞர் வகுத்த 'பி' முறையைக் கையாண்டனர்.

"ரயில் ஓடுகையில் கதவு திறந்திருக்கலாகாது" என்பது போன்ற தேவைகளை முதலில் கணித மொழியில் எழுதுகிறார்கள். பின்னர் அதனைப் படிப்படியாக விரித்துச் செல்கிறார்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படிக்கு முரண்படவில்லை என்று நிரூபித்தாக வேண்டும். பாரிஸில் இவ்விதம் 27 ஆயிரத்துக்கு மேற்பட்ட நிரூபணங்கள் தேவைப்பட்டன! பெரும்பாலானவற்றைக் கணினியே முடித்தது. எஞ்சியவற்றில் மனிதர்கள் அமர்ந்து உழைத்தனர். இறுதியில் கணித வடிவத்திலிருந்து ஏறத்தாழ 86 ஆயிரம் வரிகள் கொண்ட 'அடா' மொழி நிரல் உருவாக்கப்பட்டது. அதற்குப் பின் நடந்த சோதனைகளில் அந்தப் பகுதியில் பிழை எதுவும் தென்படவில்லை.

இங்கேதான் சற்று நிதானிக்க வேண்டும். எழுதிக் கொடுத்த தேவையை மென்பொருள் நிறைவேற்றுகிறது என்பதை மட்டுமே கணிதம் நிறுவும். எழுத மறந்ததைப் பற்றி அது வாய் திறவாது. 2023 டிசம்பரில் டில்லி இந்தர்லோக் மெட்ரோ நிலையத்தில், கதவில் ஆடை சிக்கிக்கொள்ள, ஒரு பெண்மணி இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். மெல்லிய துணி சிக்கியதைக் கதவின் உணர்கருவி அறியவில்லை.

எனவே நம் ஊர்ப் பாதையின் அதிகாரிகளைச் சந்திக்க வாய்த்தால், ஓட்டுநர் உண்டா இல்லையா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். புடவை முந்தானையும் துப்பட்டி நுனியும் தேவைப் பட்டியலில் எழுதப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். அதுவரை, கதவருகே அவற்றைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டே ஏறுங்கள்.