ரூமை அளக்காமல் எதற்கு 5.1?

ஏற்காட்டுக் குளிருக்கு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, பத்துக்குப் பத்து ரூமில் 5.1 அலறவிடுகிறோம். வாட்ஸ் பார்த்து வாங்கினோம், சரி. ரூமை அளந்தோமா?

நீளமும் அகலமும் 10 அடி என்றால் சுமார் 56 ஹெர்ட்ஸ் ஓசை இரண்டு பக்கமும் ஒன்றுசேர்ந்து வீங்கும். சுவரோரம்தான் அதன் உச்சம். நம் சோபாவும் அங்கேதான்! சப்வூஃபரையும் மூலையில் திணித்தால் கேட்கவே வேண்டாம், வெறும் 'தொம் தொம்'தான். இந்த லட்சணத்தில் சரவுண்டைப் பின்சுவரில் மாட்டச் சொல்கிறார்கள். அது காதுக்குள் கத்தாதா?

சோபாவை ஒன்றரை அடி முன்னால் இழுங்கள். சரவுண்டைப் பக்கச் சுவரில், காதுக்குச் சற்று மேலே மாட்டுங்கள். பைசா செலவில்லை.

சின்ன ரூமுக்கு நல்ல ஸ்பீக்கர் இரண்டே போதும் என்று எந்தக் கடைக்காரர் சொல்வார்? லாபம் அவருக்கு, தலைவலி நமக்கு. காமர்ஸ் படிக்கிறவன் சொல்கிறேன்: முதல் முதலீடு இஞ்ச் டேப்தான்!