சும்மா இருந்த பிள்ளைகளுக்காக ஒரு வக்காலத்து

இந்த முறை பழைய நினைவுகளை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வழக்குப் பேச வந்திருக்கிறேன். கட்சிக்காரர்கள் இருவர். அக்காவுக்குப் பதினொரு வயது, தம்பிக்கு எட்டு. குற்றச்சாட்டு இதுதான்: ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை ஒரு மாதம் லோயர் கேம்ப்பில் சொந்த வீட்டிலேயே கிடந்தார்கள், ஊருக்குப் போகவில்லை, வகுப்புக்குப் போகவில்லை, உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. நடந்தது அத்தனையும் உண்மை. இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பிள்ளைகளின் தாய் என் மனைவிக்கு அண்ணன் மகள். என்னை மாமா என்று கூப்பிடுவாள். நான்கு ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்தே சொல்லிக்கொடுக்கிறாள். அவள் கணவரும் ஒத்துழைக்கிறார். அதை உறவினர்கள் ஒருவழியாகச் சகித்துக்கொண்டார்கள். இந்த ஒரு மாத ஓய்வைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. "படிப்பும் வீட்டில், லீவும் வீட்டிலா? பிள்ளைகள் வெளங்குமா?" என்று ஆரம்பித்து, ஜூன் பிறப்பதற்குள் இரண்டு பேரையும் விடுதிப் பள்ளியில் சேர்த்தாக வேண்டும் என்கிற அளவுக்குப் பேச்சு முற்றிவிட்டது. வருகிற ஞாயிறு உட்கார்ந்து பேசப்போகிறார்கள். என்னையும் பெரியவர் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே பேசப்போவதை இங்கே முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். என்னைப்போல் பென்ஷன் வாங்கும் நண்பர்கள் பல வீடுகளில் இப்படிப்பட்ட பேச்சுகளில் நாட்டாமை செய்பவர்கள்தானே.

முதல் வாதம்: "வீட்டில் படிக்கிற பிள்ளைக்குத் தினமும் லீவுதானே, தனியாக எதற்கு ஒரு லீவு?"

கேட்பதற்குச் சாமர்த்தியமான கேள்வி. நடப்பு இதற்கு நேர் எதிர். பள்ளிப் பிள்ளைக்கு நாலு மணிக்கு மணி அடிக்கும். பையைத் திண்ணையில் வீசினால் பள்ளிக்கூடம் முடிந்தது. வீட்டிலேயே படிக்கிற பிள்ளைக்கு மணி அடிக்க ஆள் இல்லை. சோறு போடுகிற கைதான் கணக்கும் போடுகிறது. தோசை சாப்பிடும்போதே "இதில் கால் பாகம் எது?" என்று கேள்வி வந்து விழும். வகுப்பறையிலேயே குடியிருக்கும் பிள்ளைக்கு "இன்றிலிருந்து பாடம் கிடையாது" என்று வாய்விட்டு அறிவித்தால்தான் விடுமுறை. அந்தத் தாயையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவளே ஆசிரியை, அவளே சமையல், அவளே ஆயா. நமக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு இருந்தது. தற்செயல் விடுப்பு தனி. அவளுக்கு எந்த விதியின் கீழ் விடுப்பு?

இரண்டாவது வாதம்: "மற்ற பிள்ளைகள் முந்திவிடுவார்கள்."

எங்கே முந்துவார்கள் என்று கேட்டால் பதில் வராது. கம்பம், கூடலூர் பக்கம் கோடை வந்தால் சுவரெல்லாம் விளம்பரம். அபாகஸ், இந்தி, கீபோர்டு, கையெழுத்துப் பயிற்சி, ஆறாம் வகுப்பிலிருந்தே மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு அடித்தளம். கோடை விடுமுறையில் சிறப்பு வகுப்பு வைக்காதீர்கள் என்று கல்வித் துறை சுற்றறிக்கை விடுகிறது. பெற்றோரே பணம் கட்டி அந்தச் சுற்றறிக்கையைத் தோற்கடிக்கிறார்கள்.

பிள்ளைகளின் ஓய்வு நாம் மனமிரங்கிக் கொடுக்கிற சலுகை என்று நினைக்கிறோம். அது சலுகை இல்லை. ஐ.நா. சபை 1989-இல் நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 31-ஆவது பிரிவு, ஓய்வும் ஓய்வு நேரமும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா அதை 1992 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. கல்வி எந்த வரிசையில் உரிமையோ அதே வரிசையில் ஓய்வும் உரிமை. ஒன்றுக்கு மட்டும் கோப்புத் திறந்துவிட்டு மற்றதைக் கட்டி அலமாரியில் போட்டுவிட்டோம்.

நம் முன்னோருக்கு இது தெரியாத சங்கதி அல்ல. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அட்டமி நாட்களில் பாடம் கிடையாது. பிரம்பும் கோதண்டமும் வைத்திருந்த வாத்தியாரே இந்த நாட்களை மதித்தார்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்கு ஞாயிறோடு வியாழனும் விடுமுறை. காரணம் பிறகுதான் தெரிந்தது. பிரான்சில் 1882-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் ஜூல் ஃபெர்ரி கொண்டுவந்த கட்டாயக் கல்விச் சட்டம், ஞாயிறு தவிர வாரத்தில் இன்னொரு நாளும் ஆரம்பப் பள்ளியை மூடச் சொன்னது. விரும்பும் பெற்றோர் அன்று பிள்ளைகளுக்கு மதக் கல்வி கொடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. நெடுங்காலம் அந்த நாள் வியாழனாக இருந்து 1972-இல் புதனுக்கு மாறியது. மதக் கல்வி எவ்வளவு நடந்ததோ தெரியாது, நாங்கள் அரசலாற்றங்கரையில் மட்டும் தவறாமல் இருந்தோம். நடு வாரத்தில் ஒரு நாள் போனதால் எங்கள் வகுப்பில் யாரும் அறிவில் குறைந்துபோனதாக நினைவில்லை. எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் இன்னொன்றும் சொல்வார். பள்ளிக்கு அந்த மொழியில் உள்ள சொல்லின் வேர் கிரேக்கத்தில் 'ஸ்கோலே'. அதற்குப் பொருள் ஓய்வு நேரம். விடுமுறைக்கு உள்ள 'வக்கான்ஸ்' என்ற சொல்லின் வேரோ, காலியாக இருப்பது என்ற பொருளுடைய லத்தீன் சொல். காலியாக இருக்க வேண்டிய பாத்திரத்தில் கோடை வகுப்பைக் கொட்டி நிரப்பினால் அது என்ன விடுமுறை?

அதே 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி இன்னொரு செய்தி. அது கட்டாயமாக்கியது கல்வியை, பள்ளிக்கூடத்தை அல்ல. தகப்பனே வீட்டில் சொல்லிக்கொடுக்கவும் இடம் வைத்தது. 2021 ஆகஸ்டில் வந்த புதுச் சட்டத்தால், 2022 செப்டம்பர் முதல் அங்கே வீட்டுக் கல்விக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. வீட்டுக் கல்வியைப் பெயர் சொல்லி ஏற்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. 14 வயது நிரம்பினால் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஆகவே "போலீஸ் வரும்" என்று அந்தப் பெண்ணை மிரட்டும் உறவினர்கள் முதலில் சட்டத்தைப் படித்துவிட்டு வரட்டும்.

மூன்றாவது வாதம்: "நாலு ஊர் பார்த்தால்தானே அறிவு வளரும்?"

இதைக் கேட்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. நாம் குடியிருப்பது எந்த ஊரில்? மதுரையும் சென்னையும் விடுமுறைக்குத் தேடி வருகிற வழியில். மே மாதச் சனிக்கிழமை காலையில் நம் ஊர்ச் சாலை ஓரமாக நின்று பாருங்கள். குமுளி மலைப்பாதையில் கார்கள் எறும்பு வரிசையாக ஏறும். உள்ளே பிள்ளைகள் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும், அப்பா ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார், அம்மா அறை வாடகையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். தேக்கடியில் படகுச் சீட்டுக்கு ஒரு வரிசை, சாப்பாட்டுக்கு ஒரு வரிசை. இரண்டாம் நாள் அதே களைப்போடு இறங்கி வருவார்கள். போகிறவர்கள் போகட்டும், வசதியும் ஆசையும் இருந்தால் நல்லதுதான். ஆனால் அவர்கள் தேடி வருகிற காற்றிலேயே பாய் விரித்துப் படுத்திருக்கும் இரண்டு பிள்ளைகளைப் பார்த்து "எங்கேயும் போகலையா, பாவம்" என்று உச்சுக் கொட்டுவது என்ன நியாயம்?

அப்படி என்னதான் செய்தார்கள் என்று கேட்பீர்கள். காலையில் வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினார்கள். பாட்டியோடு மொட்டை மாடியில் கூழ் வற்றல் பிழிந்து, காவல் காக்கிற சாக்கில் பாதியைப் பச்சையாகத் தின்றார்கள். தாயம், பல்லாங்குழி ஆடிச் சண்டை போட்டார்கள். மத்தியானம் தூக்கம். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து மலையில் இறங்கும் ராட்சதக் குழாய்களையும், கீழே மின் நிலையத்தையும் வேடிக்கை பார்த்தார்கள். முதல் வாரம் பையன் "போரடிக்குது" என்று நச்சரித்தான். தாய் அசையவில்லை. பிறகு அந்தச் சொல்லையே அவன் மறந்துவிட்டான்.

இங்கே ஒரு பொறியில் விழாமல் தப்ப வேண்டும். "அப்படிச் சும்மா இருந்ததால் கற்பனை வளர்ந்ததா, படைப்பாற்றல் கூடியதா?" என்று நல்லெண்ணத்தோடு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஓய்வுக்கும் விளைச்சல் கணக்குக் கேட்டால் அது ஓய்வு இல்லை, வேறு பெயரில் இன்னொரு வகுப்பு. மின் நிலைய இயந்திரத்துக்கே தண்ணீர் குறைந்த கோடையில் ஓட்டத்தை நிறுத்திப் பராமரிப்புப் பார்க்கிறார்கள். அந்த நாட்களில் எத்தனை யூனிட் மின்சாரம் எடுத்தாய் என்று இயந்திரத்தை யாரும் கேட்பதில்லை.

நம் தலைமுறைக்கு இது புரியாததற்குக் காரணம் இருக்கிறது. புதுவை அரசு அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்த நாட்களில், லீவே போடாதவருக்குத்தான் மரியாதை. ஓய்வு பெறும்போது 300 நாள்வரை ஈட்டிய விடுப்பைக் காசாக்கலாம் என்பதால், காய்ச்சலோடும் வந்து உட்கார்ந்து விடுப்பைச் சேர்த்தவர்கள் உண்டு. குடும்பத்துக்காகச் செய்தார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிரான்சிலோ 1936 ஜூனில்தான் தொழிலாளிக்கு ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை சட்டமானது. ஆலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடத்தி வாங்கினார்கள். பெரியவர்கள் போராடி வாங்கிய ஒன்றைச் சிறியவர்களிடமிருந்து நாம் பிடுங்கலாமா?

நான்காவது வாதத்தில் மட்டும் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. "சும்மா விட்டால் செல்போனில் விழுந்து கிடப்பார்கள்." உண்மைதான். இந்த வீட்டில் செல்போன் அலமாரிக்குள் இருந்தது. பாட்டியும் தாயும் கூப்பிட்ட தூரத்தில் இருந்தார்கள். அருகில் ஒரு பெரியவர் இல்லாத பிள்ளைக்குக் காலி நேரம் ஆபத்தாகவும் ஆகலாம்.

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பள்ளத்தாக்கில் விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு மேல் ஏலத் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் எத்தனை பேர்! பள்ளி மூடினால் அவர்கள் பிள்ளைகளுக்குச் சத்துணவும் இல்லை, பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. அந்தத் தாயிடம் போய் "வீட்டில் நிம்மதியாக விடுமுறை கழியுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சிலர் இதையே என் மேல் வீசுவார்கள்: "இதெல்லாம் வசதி உள்ளவர்கள் பேசுகிற பேச்சு." இருக்கலாம். அதனால் ஓய்வு தவறு என்று ஆகுமா? எல்லாப் பிள்ளைக்கும் அது போய்ச் சேரவில்லை என்றுதானே ஆகும்? ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது என்றால், மற்ற வீடுகளுக்கும் கம்பி இழுப்பதுதான் முறை. எரிகிற விளக்கை அணைப்பது அல்ல.

அந்தக் கம்பியை இழுக்க நம்மால் முடியும், நண்பர்களே. நமக்கு நேரம் இருக்கிறது, திண்ணை இருக்கிறது, நிழல் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் நாலு பிள்ளைகள் பகலில் வந்து உட்காரட்டும். ஒரு வாய் சோறு, ஒரு குடம் தண்ணீர், ஒரு தாயக்கட்டை போதும். தயவுசெய்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். நம்மால் அடக்க முடியாத பழக்கம் அது, எனக்கும் தெரியும்.

ஞாயிறன்று என் வாக்கு அந்தத் தாயின் பக்கம். விடுதிப் பள்ளியா, வீட்டுப் படிப்பா என்பதைப் பெற்றவர்கள் முடிவு செய்யட்டும். அந்தப் பதினொரு வயதுப் பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்கட்டும். ஆனால் ஒரு மாதம் சும்மா இருந்தார்கள் என்பதைக் காரணமாகக் காட்டி அவர்களை வீட்டைவிட்டு அனுப்புவதற்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.