வாளை எடுக்காமல் ஆடுகிறவன் பைத்தியக்காரனா?

தை மாதம் வந்தால் எடப்பாடியிலிருந்து பழனிக்குக் காவடி எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் நடந்தே போகிறார்கள். எடப்பாடியில் பஸ் ஸ்டாண்ட் இருக்கிறது, பழனியிலும் இருக்கிறது. ஆனாலும் வழியில் யாரும் அவர்களை நிறுத்தி, "ஏனுங்க, பஸ் இருக்கறப்ப எதுக்கு இப்படிக் காலைக் கெடுத்துக்கறீங்க?" என்று கேட்பதில்லை. கேட்டால் கேட்டவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். போய்ச் சேருவது மட்டுமல்ல, எப்படிப் போய்ச் சேருகிறோம் என்பதும் கணக்கில் வரும் என்பது சேலம், நாமக்கல் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் தெரிந்த விஷயம்.

ஆனால் இதே ஊரில் ஒரு பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "இந்த கேமில் சும்மா கிடைக்கும் வாளைத் தொடாமலே ஆடப்போகிறேன்" என்று ஆரம்பித்தால் மட்டும் எல்லோருக்கும் கோபம் வந்துவிடுகிறது. அப்பாவுக்குக் கோபம், விளையாடுகிறானே என்று. நண்பனுக்குக் கோபம், ஒழுங்காக விளையாடாமல் கிறுக்குத்தனம் செய்கிறானே என்று. இரண்டு பேரும் தவறு. அதிலும் அப்பாவின் தவறு கொஞ்சம் பெரியது. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் அந்த கேம் என்ன என்று தெரியாதவர்களுக்காக. 1986 பிப்ரவரியில் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா'. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் உருவாக்கியது. சாகச விளையாட்டுகளுக்கெல்லாம் பாட்டன் மாதிரி. 90களில் நம்மூரில் 'டிவி கேம்' என்று கேசட்டோடு விற்றவை பெரும்பாலும் நின்டெண்டோ இயந்திரத்தின் நகல்கள்தான். ஆனால் அவற்றில் எல்லோரும் ஆடியது மரியோவும் காண்ட்ராவும்தான். செல்டாவை நம் ஆட்கள் பலரும் பிற்பாடு கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டுத்தான் பார்த்தார்கள்.

ஆட்டம் தொடங்கும்போது கதாநாயகன் லிங்க் வெறுங்கையோடு நிற்பான். முதல் திரையிலேயே ஒரு குகை. உள்ளே ஒரு கிழவர் நின்றுகொண்டு ஒரு மரவாளைக் கொடுப்பார். காசு கேட்க மாட்டார், கேள்வி கேட்க மாட்டார். வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். 128 திரைகளாக விரிந்த நிலம், ஒன்பது பாதாளக் கோட்டைகள், கடைசியில் கேனன் என்ற வில்லன். உயிர் மூன்று இதயத்தில் தொடங்கும். தேடித்தேடிச் சேர்த்தால் பதினாறு இதயம் வரை ஏறும்.

இதில் சிலர் தாங்களே சில விரதங்களை வைத்துக்கொண்டார்கள். ஒன்று, கூடுதல் இதயங்களைத் தொடுவதில்லை. கோட்டைத் தலைவனைக் கொன்றதும் கண்ணெதிரே இதயம் கிடக்கும். அதைச் சுற்றிக்கொண்டு போய்விட வேண்டும். கடைசி வரை மூன்றே இதயம். இன்னொன்று, வாளே எடுப்பதில்லை. கிழவர் பாவம், குகையில் அப்படியே நிற்பார்.

"சரி, அதனால் என்ன கிழிந்தது?" என்று கேட்கிறீர்களா? கேளுங்கள்.

வாள் உள்ளவனுக்கு எதிரி எல்லாம் ஒன்றுதான். வந்தால் வெட்டு, அவ்வளவுதான். வாள் இல்லாதவனுக்கு ஒவ்வொரு எதிரியும் ஒரு பாடம். இது எந்தப் பக்கம் திரும்பும்? எத்தனை அடி நடந்து நிற்கும்? அம்பு விடலாம், ஆனால் அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு அம்புக்கும் ஒரு காசு குறையும். பை காலியானால் வில் வெறும் குச்சி. வெடிகுண்டு போடலாம், ஆனால் ஆரம்பத்தில் எட்டுக்கு மேல் கையில் வைத்திருக்க முடியாது. நீல மெழுகுவர்த்தியால் எரிக்கலாம், ஆனால் ஒரு திரைக்கு ஒருமுறைதான் எரியும். ஆகவே அவன் கணக்குப் போடுகிறான். இந்த அறையில் சண்டை அவசியமா, ஒதுங்கிப் போனால் போதுமா? இங்கே இரண்டு குண்டைச் செலவழித்தால் அடுத்த கதவுக்கு என்ன மிஞ்சும்? வாளோடு பத்து முறை ஆடியவன் கவனிக்காத விஷயங்களை, வாளில்லாமல் ஒருமுறை ஆடுகிறவன் கவனித்துத்தான் ஆகவேண்டும். கவனிக்காவிட்டால் செத்துப்போவான். (கேமில்தான்.)

இன்னொரு அழகான விஷயமும் உண்டு. கேனனை மட்டும் வாள் இல்லாமல் வீழ்த்த முடியாது. முதலில் வாளால் அடித்து, பிறகு வெள்ளி அம்பு விட வேண்டும். ஆட்டத்தின் விதியே அப்படி. ஆக வாளில்லா விரதக்காரன் கேனன் அறை வரை போகலாம், அதற்குமேல் போக முடியாது. முடிக்க வேண்டுமானால் வாள் எடுத்தே ஆகவேண்டும். நல்ல வாள் இரண்டு உண்டு. ஆனால் ஒன்றுக்கு ஐந்து இதயம் வேண்டும், மற்றதற்குப் பன்னிரண்டு. மூன்று இதய விரதமும் சேர்த்து இருக்கிறவனுக்கு இரண்டும் கிடைக்காது. முதல் திரையில் கிழவர் வைத்துக்கொண்டு நிற்கும் அதே மரவாள்தான் கதி. தன் விரதம் எந்த இடம் வரை செல்லும், எந்த இடத்தில் நிற்கும் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். சொந்த பலத்தின் எல்லை இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இது ஏதோ ஜப்பான்காரன், அமெரிக்காக்காரன் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தூர் முருகன் மேல் ஒரு நிரோட்டக யமக அந்தாதி பாடினார். நிரோட்டகம் என்றால் உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. அதாவது ப, ம, வ வரக்கூடாது. உ, ஊ, ஒ, ஓ, ஔ வரக்கூடாது. 'முருகன்' என்றுகூடச் சொல்ல முடியாது! அது போதாதென்று யமகம். அதுவும் போதாதென்று அந்தாதி. ஒரே பாட்டில் மூன்று விரதம். அவரைப் பார்த்து "ஏன் சாமி, தமிழில் இத்தனை எழுத்து இருக்கும்போது..." என்று யாரும் கேட்கவில்லை. புலவர் என்று கொண்டாடினோம். 1969இல் பிரான்சில் ழார்ழ் பெரெக், பிரெஞ்சில் மிக அதிகம் புழங்கும் 'ஈ' என்ற ரோமன் எழுத்தே வராமல் ஒரு முழு நாவல் எழுதினார். அதையும் உலகம் கொண்டாடியது. ஏட்டில் செய்தால் புலமை, நடந்து செய்தால் பக்தி, கம்ப்யூட்டரில் செய்தால் மட்டும் கிறுக்கு. இது என்ன நியாயம்?

இனி அப்பா விஷயத்துக்கு வருவோம்.

மரியோ ஆடியவர்களுக்கு வார்ப் குழாய் ஞாபகம் இருக்கும். 1-2இல் மேற்கூரை மேல் ஏறி ஓடினால் ஒரு ரகசிய அறை. அங்கே குழாயில் இறங்கினால் நேராக நான்காம் உலகம். 4-2இல் இன்னொன்று, அதில் இறங்கினால் நேராக எட்டாம் உலகம். இடையில் இருக்கும் உலகங்களைப் பார்க்கவே வேண்டாம்.

இதை அப்படியே பள்ளிக்கூடத்தில் செய்தால் எப்படி இருக்கும்? செய்தார்கள். 2007-08 கல்வியாண்டிலிருந்து தமிழ்நாட்டில் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் நுழைவுத்தேர்வு இல்லை. பிளஸ் டூ மார்க் மட்டுமே எல்லாம். உடனே ரகசியக் குழாய் கண்டுபிடிக்கப்பட்டது. பிளஸ் ஒன் சேர்ந்த அன்றே பிளஸ் டூ புத்தகத்தைப் பிரி. இரண்டு வருஷமும் அதையே உருப்போடு. தமிழ்நாடு முழுக்கப் பல தனியார் பள்ளிகளில் இது நடந்தது. முட்டை, லாரி, போர்வெல் வண்டி வரிசையில் ஹாஸ்டல் பள்ளிகளுக்கும் பேர்போன நாமக்கல் சமவெளி இந்த வித்தையில் பின்தங்கியதாக யாரும் சொல்லமாட்டார்கள். மாநில ரேங்க் வாங்கியவர்களின் படம் போட்ட ஃபிளக்ஸ் சாலை ஓரமெல்லாம் நின்ற காலம் அது.

தாண்டிப்போன அந்தப் பிளஸ் ஒன் புத்தகத்தில் என்ன இருந்தது? கணிதத்தில் வகையீடு, தொகையீடு தொடங்குவதே அங்கேதான். இயற்பியலில் இயக்கவியல் அங்கேதான். அதாவது அடுத்த நான்கு வருஷம் இன்ஜினியரிங்கில் ஒருவன் எதன்மேல் நிற்கப்போகிறானோ அது. மரியோவில் இரண்டாம், மூன்றாம் உலகத்தைத் தாண்டினால் நஷ்டமில்லை. இதில்?

2017இல் அரசு ரேங்க் பட்டியல் அறிவிப்பதை நிறுத்தியது. அதே வருஷம் நீட் வந்தது. அதில் பிளஸ் ஒன் பாடமும் பாதிக்குப் பாதி. 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை நடத்துவதே இல்லை என்பதைத்தான் அரசே காரணமாகச் சொன்னது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கை வந்து அந்தப் பொதுத்தேர்வும் ரத்தாகிவிட்டது. ஆக, குழாய்மேல் போட்டிருந்த மூடியை எடுத்தாகிவிட்டது. இனி இறங்குவதும் இறங்காததும் பள்ளிகளின் மனசாட்சி.

கவனியுங்கள். கேம் ஆடுகிறவர்களிடம் இந்த விஷயத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. மரியோவை வேகமாக முடிக்கும் போட்டியில் வார்ப் எடுத்து முடித்தவர்களுக்கு ஒரு பட்டியல், வார்ப் எடுக்காமல் முடித்தவர்களுக்குத் தனிப் பட்டியல். இரண்டையும் கலக்கமாட்டார்கள். குறுக்குவழி எடுத்தால் எடுத்தேன் என்று சொல்லித்தான் எடுக்க வேண்டும். நம் மார்க் ஷீட்டில் அப்படி ஒரு பத்தி இருந்ததா? பிளஸ் ஒன்னை முழுசாகப் படித்துவிட்டு 1200க்கு 1050 வாங்கியவனும், தாண்டிக் குதித்து 1150 வாங்கியவனும் ஒரே பட்டியலில்தானே நின்றார்கள்? இப்படி ஒரு ஆட்டத்தை நடத்திவிட்டு, வாளில்லாமல் ஆடும் பையனைப் பார்த்து "வாழ்க்கையில் சீரியஸ்னெஸ் இல்லை" என்று சொல்வதற்குப் பெரிய மனுஷர்களுக்கு எவ்வளவு தைரியம்!

"எங்கள் பையனுக்கும் கட்டுப்பாடு இருக்கிறதே! ஹாஸ்டலில் டிவி கிடையாது, செல்போன் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் டெஸ்ட்" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது வேறு, இது வேறு. அடுத்தவர் போட்ட கட்டுப்பாட்டில் பையன் கற்றுக்கொள்வது, வார்டன் எப்போது ரவுண்ட்ஸ் வருவார் என்பதை. தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாட்டில் ஏமாற்ற வார்டன் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, யாரும் பார்க்காதபோது, தரையில் இதயம் கிடக்கிறது, எடுத்தால் ஆட்டம் சுலபம், எடுக்காமல் போகிறான். அந்த ஒரு நொடிதான் விஷயமே. ஹாஸ்டல் கேட் திறந்த அன்றைக்கு ஹாஸ்டல் கட்டுப்பாடு முடிந்துபோகும். இது முடியாது.

இங்கே நியாயமான ஒரு எதிர்க்கேள்வி உண்டு. "நகையை அடகு வைத்து ஹாஸ்டல் ஃபீஸ் கட்டுகிறவன் வீட்டில் மார்க் என்பது விளையாட்டு இல்லை. வாள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளத்தான் செய்வான். கஷ்டப்பட்டு ஆடுவதெல்லாம் வயிறு நிறைந்தவன் வேலை." உண்மைதான். அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல யாருக்கும் அருகதை இல்லை. ஒரே ஒரு கதவு மட்டும் திறந்திருக்கும்போது எல்லோரும் அதில்தான் முட்டுவார்கள். ஆனால் அந்தக் குடும்பத்துக்குத்தான் இந்தக் குறுக்குவழி அதிகம் துரோகம் செய்தது. வசதியானவன் பையன் முதல் வருஷம் கணிதத்தில் திணறினால் டியூஷன் வைத்துக்கொள்வான். அடகு வைத்தவன் பையன் அரியரோடு நிற்பான். நகை போனது வாளுக்காக. கையில் கிடைத்தது வாள் மாதிரி வரைந்த ஒரு அட்டை.

நண்பனுக்கும் இரண்டு வார்த்தை. காண்ட்ராவில் 30 லைஃப் வாங்கும் பட்டன் வரிசையை மனப்பாடம் செய்தவனும், வைஸ் சிட்டி சீட் கோடுகளைத் துண்டுச்சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டர் போனவனும் கெட்டவர்கள் இல்லை. ஜாலிக்கு ஆடுவதும் ஆட்டம்தான். அதேபோல வாளில்லாமல் ஆடுகிறவனும், "நீயெல்லாம் வாள் வைத்து ஆடுகிறவன்தானே" என்று மற்றவனை இளக்காரம் செய்ய ஆரம்பித்தால் அத்தோடு அவன் விரதம் காலி. விரதம் தனக்கு மட்டும்தான். அடுத்தவன் இலையை எட்டிப்பார்க்கிறவன் இருப்பது விரதம் இல்லை, பட்டினி.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். பையனோ பொண்ணோ, நாளைக்கு ஒரு மணி நேரமாவது விதிகளைத் தாங்களே போட்டுக்கொள்ளும் ஏதாவது ஒன்றைச் செய்ய விடுங்கள். அது கேமாக இருக்கலாம், இடது கையால் கேரம் ஆடுவதாக இருக்கலாம், கைடு இல்லாமல் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதாக இருக்கலாம். "எதற்கு இவ்வளவு கஷ்டம், விடை பின்னாடி இருக்கே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

விடை பின்னாடி இருப்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் திருப்பிப் பார்க்காமல் இருக்கிறான் பாருங்கள், அவனை நம்பித்தான் நாளைக்கு ஒரு பாலம் கட்டவோ ஒரு ஆபரேஷன் செய்யவோ கொடுக்கலாம்.