அச்சில் ஊற்றிவிட்டுக் காத்திருக்கும் நேரம்



போன இதழுக்கு வந்த கடிதங்களில் ஒன்றை இன்னும் மேசை மேலேயே வைத்திருக்கிறேன். எழுதியவர் பெண்ணாடத்துக்குப் பக்கத்துக் கிராமத்துத் தம்பி. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பட்டறையில் வேலை. ராத்திரியில் கிட்டாரோடு உட்கார்ந்து பாட்டுக் கட்டுகிறார். எட்டுப் பாட்டு சேர்ந்துவிட்டதாம், தை மாதம் ஆல்பமாக வெளியிடப் போகிறாராம். "களிமண் கரைசல அச்சுல ஊத்திட்டா, அச்சு தண்ணிய உறிஞ்சுற வரைக்கும் காத்துக் கெடக்கணும் சார். அந்த நேரத்துலதான் வரி வரும்" என்று எழுதியிருக்கிறார். கடைசியில் ஒரு கேள்வி: "சினிமாவுல வராத பாட்ட யாரு சார் கேப்பாங்க?"

தம்பி, இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்.

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வெளியானது. அதுவும் சினிமாப் பாட்டு இல்லை. அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பாட்டில் ஒப்பாரி இழுப்பு வந்த இடத்தில் முறம் நின்றுவிட்டது. "யாருடா செத்துட்டாங்க?" என்றார். யாரும் இல்லை அத்தை, பாட்டு என்றேன். "திரும்பப் போடு." மூன்றாவது தடவை போட்டபோது அத்தை கூடவே இழுக்க ஆரம்பித்தார். வார்த்தை அந்தப் பாட்டின் வார்த்தை இல்லை. தன் அம்மா பேரைச் சொல்லி அழுதார்.

'எஞ்சாய் எஞ்சாமி'யை எழுதிப் பாடிய பாடகர் அறிவு சினிமாவை மட்டும் நம்பி வந்தவர் அல்ல. 2018 ஜனவரியில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சியில், டென்மாவின் இசைத் தலைமையில், சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் அவரும் ஒருவர். பறையும் சட்டியும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே வரிசையில் நின்ற மேடை அது. மறுவருஷம் 'தெருக்குறள்' ஆல்பம். 2024-இல் 'வள்ளியம்மா பேராண்டி'. வள்ளியம்மாள் அவருடைய பாட்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பியவர். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் அங்கிருந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவானது. அந்த எண்ணைப் பள்ளிக்கூடத்தில் நான் படித்திருந்தாலும் என் நெஞ்சில் தைக்கவே இல்லை. ஒரு பேரன் தன் பாட்டியின் பேரைத் தலைப்பில் வைத்தபோதுதான் தைத்தது.

தம்பி, பறையோடு கிட்டாரா என்று உங்களிடமும் கேட்பார்கள். 1965 ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் எலெக்ட்ரிக் கிட்டாரோடு ஏறியபோது, கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. அதே டிலனுக்கு 2016-இல் இலக்கிய நோபல் கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் பெண்ணாடத்துத் தூங்கானைமாடக் கோயிலில் வந்து நின்று பாடிய அப்பரும் ஊர் ஊராக நடந்து, தான் கட்டிய பாட்டைத் தானே பாடியவர்தானே.

எனக்குப் பட்ட ஒன்றைச் சொல்கிறேன், உரிமையோடு. பறையைத் தீயில் காய்ச்சித்தான் அடிக்க வேண்டும். குளிர்ந்த, ஈரமான காற்றில் தோல் தளர்ந்து சத்தம் மந்தமாகிவிடும். ஒலிப்பதிவுக் கூடத்தில் மணிக்கணக்குக்குக் காசு என்று அவசரப்படுத்துவார்கள். நீங்கள் அவசரப்படாதீர்கள். வெளியே போய்க் காய்ச்சிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒப்பாரியை மட்டும் தயவுசெய்து மெஷின் தாளத்துக்குள் அடைக்க வேண்டாம். மூச்சு எங்கே முட்டுகிறதோ அங்கேதான் அது நிற்கும்.

நம் மண்ணின் சொற்களை மணக்கொல்லைக்காரரான எழுத்தாளர் கண்மணி குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி'யாகத் தொகுத்துத் தந்துவிட்டார். மெட்டுகள் இன்னும் கிழவிகளின் தொண்டையில்தான் இருக்கின்றன. வெள்ளாற்றங்கரை வயல்களில் நடவு மெஷின் இறங்கிய பிறகு, குனிந்து நடும்போது பாடிய பாட்டைப் பாட அவர்களுக்கு இடமே இல்லை. வாசகர்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு அப்பாயியோ அம்மாயியோ இருந்தால் இன்று சாயங்காலமே பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதிந்துவிடுங்கள். எங்களுக்கு அனுப்புங்கள், இந்தத் தம்பியிடம் சேர்த்துவிடுகிறேன்.

என் அத்தை போன வருஷம் போய்விட்டார். அன்று திண்ணையில் அவர் அழுத பாட்டை நான் பதியவில்லை. போன் என் கையில்தான் இருந்தது.

தம்பி, எட்டில் ஒன்று ஒப்பாரி என்று எழுதியிருந்தீர்கள். ஆல்பம் வந்ததும் அதைத்தான் முதலில் போடுவேன், அதே திண்ணையில் உட்கார்ந்து.

அன்புடன்,
ஆசிரியர்